வீட்டுப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

குடும்ப வரலாறு தேடுவது குறித்து வந்த கடிதங்களில் இம்முறை வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்களைப் பற்றியவையே ஆறு சேர்ந்துவிட்டன. ஒன்றுக்கு எழுதும் விடை மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் அவற்றை ஒரே இடத்தில் தருகிறேன்.

கேள்வி: என் கணவர் வேல்ஸ்காரர். அவருடைய முன்னோர் மேற்கு வேல்ஸில், பழைய கார்டிகன்ஷயரில் உள்ள லான்கெய்த்தோ என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். மாமனார் பாதுகாத்து வைத்திருந்த குடும்ப வேதாகமத்தின் முதல் ஏட்டில், அவருடைய பூட்டனாரின் பெயர் 'ஜான் ஜோன்ஸ், பென்லான்' என்றும், பிறந்த ஆண்டு 1838 என்றும் மையால் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் தேடினால் நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள். என் மகனுக்கு அவனுடைய தந்தை வழியையும் சொல்லித்தர விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? (கார்டிஃப் வாசகி)

பதில்: தேடலைத் திறக்கும் சாவி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அது 'ஜோன்ஸ்' அன்று, 'பென்லான்'.

வேல்ஸ் மக்களிடம் நிலையான குடும்பப் பெயர் பிற்காலத்தில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன், ஒருவருடைய பெயரோடு தந்தையின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். மகனாயின் 'ஆப்', மகளாயின் 'வெர்ச்' என்ற சொல் இடையில் நிற்கும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ஆப் ரிச்சர்ட்' ஒட்டிக்கொண்டு ப்ரிச்சர்ட் ஆனது. 'ஆப் ரீஸ்' ப்ரைஸ் ஆனது. 'ஆப் ஹவெல்' பவல் ஆனது. செல்வர்களும் நிலக்கிழார்களும் 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில வழக்கத்தைப் பின்பற்றி நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கார்டிகன்ஷயர் போன்ற மேற்குப் பகுதிகளில், எளிய உழவர் குடும்பங்களிடையே பழைய முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் நீடித்தது. அது மறைந்த தலைமுறையில் எந்தத் தந்தையின் பெயர் இருந்ததோ அதுவே குடும்பப் பெயராக உறைந்துபோயிற்று. ஞானஸ்நானத்தில் வைக்கும் பெயர்களே மிகச் சிலவாக இருந்ததால், அவற்றிலிருந்து வந்த ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ், தாமஸ் ஆகிய பெயர்களும் ஊர் முழுவதும் நிறைந்துவிட்டன. உங்கள் பூட்டனாரின் தந்தை 'ஜான் டேவிட்', அதாவது டேவிட்டின் மகன் ஜான், என்று பதிவாகியிருக்கக்கூடும்; அந்த ஜானின் உடன்பிறந்த தம்பி பிள்ளைகள் முற்றிலும் வேறு குடும்பப் பெயரோடு வாழ்ந்திருக்கவும் கூடும். குடும்பப் பெயரை மட்டும் நம்பி 1838க்கு முற்பட்ட காலத்துக்குச் செல்பவர்கள் வழி தவறுவது இங்கேதான்.

ஊராருக்கும் இதே சிக்கல் இருந்தது. அதனால்தான் அவர்கள் ஒருவரைக் குடும்பப் பெயரால் அழைக்காமல் வீட்டின் பெயரால் அழைத்தார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும், ஒவ்வொரு குடிசைக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் பதிவேட்டிலும், கல்லறையிலும், செய்தித்தாளின் இரங்கல் குறிப்பிலும் ஆளின் பெயருக்குப் பின்னால் வந்து நிற்கும். 'பென்' என்றால் உச்சி; பென்லான் என்பது மேட்டுப் பாங்கான இடத்தில் இருந்த வீட்டின் பெயராக வேல்ஸ் முழுவதும் வழங்குவது. ஆகவே வீட்டுப் பெயரையும் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டின் பெயர், பங்கின் (ஓர் ஆலயத்தின் பொறுப்பில் இருந்த ஊர்ப்பகுதி, ஆங்கிலத்தில் 'பாரிஷ்') பெயர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துத் தேடுங்கள்.

1838இலிருந்து தொடங்காதீர்கள். மாமனாரின் பிறப்புச் சான்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்குங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1ஆம் நாள் தொடங்கியது. திருமணச் சான்றில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். பிறப்புச் சான்றில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையப் பெயர் அட்டவணையில் தாயின் அந்தப் பெயரும் தொடக்க ஆண்டு முதலே சேர்க்கப்பட்டிருப்பதால், ஒரே பெயருடைய பத்துக் குழந்தைகளில் எட்டை உட்கார்ந்த இடத்திலேயே விலக்கிவிடலாம். பிறப்பைப் பதியாவிட்டால் தண்டம் என்ற நிலை 1875இல்தான் வந்தது. எனவே 1838இல் பதிவு இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 ஏட்டில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பது இராது. பிறந்த இடம் அதே மாவட்டமா இல்லையா என்ற அளவில்தான் தெரியும். 1851 ஏடுதான் உங்களுக்குப் பாலம். அதில் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பதும், எந்தப் பங்கில் பிறந்தார்கள் என்பதும் இருக்கும். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதுச் சிறுவனாகப் பூட்டனார் பென்லானில் பெற்றோருடன் இருக்கலாம். வேறு பண்ணையில் வேலைக்காரச் சிறுவனாகவும் இருக்கலாம். அவ்வயதில் வேலைக்குச் செல்வது அப்பகுதியில் இயல்பு.

ஒன்றை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நண்பர் ஒருவருக்காக இதே வட்டாரத்தில் முதன்முதலில் தேடியபோது, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரும் ஆண்டும் பொருந்திய ஒரு குழந்தையைக் கண்டு, அதன் பெற்றோர், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையை எழுதி முடித்துவிட்டேன். பல வாரங்கள் கழித்து அடக்கப் பதிவேட்டைப் பார்த்தபோது, அந்தக் குழந்தை இரண்டு வயதில் இறந்திருந்தது. வீட்டுப் பெயர் இருந்த கட்டத்தை நான் தொடக்கத்தில் பார்க்கவே இல்லை. எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். அன்று முதல், ஒரு ஞானஸ்நானப் பதிவைக் கண்டால் அடுத்த பத்து ஆண்டு அடக்கப் பதிவேட்டைப் படிக்காமல் அதை ஏற்றுக்கொள்வதில்லை. நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், ஊரும் பங்கும் ஒன்றல்ல. லான்கெய்த்தோவை ஒட்டியே இருக்கும் க்வின்வில் என்ற பகுதி, பழைய கணக்கில் லான்தெவி ப்ரேவி என்னும் பெரிய பங்கின் ஊர்ப்பிரிவாக இருந்தது. லான்கெய்த்தோக்காரர் என்று குடும்பமே சொல்லிக்கொண்ட ஒருவர் பக்கத்துப் பங்கின் ஏட்டில் கிடைப்பது இதனால்தான். சுற்றியுள்ள பங்குகளின் வரைபடம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவியின் முன்னோர் அதே வட்டாரத்தினர். 1809 வரை பிறந்த பிள்ளைகள் பங்கு ஏட்டில் வரிசையாக இருக்கிறார்கள். அதன்பின் பிறந்தவர்களைக் காணோம். குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டதா? (லண்டன் வாசகர்)

பதில்: ஊரை விட்டுப் போயிருக்க வேண்டியதில்லை, ஆலயத்தை விட்டுப் போயிருப்பார்கள்.

லான்கெய்த்தோ சாதாரண ஊர் அன்று. 18ஆம் நூற்றாண்டில் அங்கே உதவிக் குருவாக இருந்த டேனியல் ரோலண்டின் பிரசங்கத்தைக் கேட்கவும் நற்கருணை பெறவும் வேல்ஸின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் கால்நடையாக வந்தார்கள். 1763இல் உதவிக் குருப் பணியிலிருந்து அவர் நீக்கப்பட்ட பிறகும், ஊரிலேயே எழுப்பிய புதிய ஆலயத்தில் 1790இல் இறக்கும் வரை பிரசங்கித்தார். ஆனாலும் அவரைப் பின்பற்றிய வேல்ஸ் மெதடிஸ்டுகள் அப்போது தனிச் சபை ஆகிவிடவில்லை. பிரசங்கம் கேட்பது தங்கள் கூட்டத்தில். குழந்தைக்கு ஞானஸ்நானம் பெரும்பாலும் பங்கு ஆலயத்தில். 1811இல் பாலாவிலும் லான்டைலோவிலும் தங்கள் போதகர்களுக்குத் தாங்களே குருப்பட்டம் அளித்தபோதுதான் அவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்தார்கள். உங்கள் குடும்பம் மறையும் காலத்தை இந்த ஆண்டோடு பொருத்திப் பாருங்கள்.

ஆகவே 1811க்குப் பிறகு சேப்பலின், அதாவது பிரிந்த சபையாரின் ஆலயத்தின், ஏடுகளைத் தேட வேண்டும். அவற்றுள் பல 1837ஐ ஒட்டி அரசால் திரட்டப்பட்டு, இப்போது லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். அங்கே இல்லாதவற்றுக்கு அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தின் மெதடிஸ்ட் தொகுப்பைக் கேளுங்கள். பிற்காலச் சேப்பல்களின் ஆண்டறிக்கைகள் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம்: யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார் என்பதை வீடு வீடாக அச்சிட்டிருப்பார்கள்.

திருமணத்துக்கு மட்டும் பங்கு ஏட்டை விடாதீர்கள். 1754 மார்ச் 25 முதல் 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில்தான் சட்டப்படி மணம் செய்துகொள்ள முடிந்தது. எவ்வளவு உறுதியான சேப்பல்காரராயினும் அவருடைய ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்ததும், கையெழுத்தோ கைநாட்டுச் சிலுவைக் குறியோ இட்டதும் பங்கு ஏட்டில் இருக்கும். சாட்சிகளின் பெயரைத் தாண்டிச் செல்லாதீர்கள். பல வேளைகளில் அவர்கள் உடன்பிறந்தவர்களாக இருப்பார்கள்.

கேள்வி: மூதாதையரின் கல்லறையைப் படம் எடுத்து வந்தோம். எழுத்து முழுவதும் வேல்ஸ் மொழியில் இருக்கிறது, பாதி தேய்ந்திருக்கிறது. மாவு பூசினால் எழுத்து தெளியும் என்கிறார்கள். செய்யலாமா? (பிரிஸ்டல் வாசகி)

பதில்: தயவுசெய்து எதையும் பூசாதீர்கள். மாவு, சுண்ணக்கட்டி, சவர நுரை, கம்பித் தூரிகை ஆகிய எல்லாமே கல்லை அரிக்கும். மாவு கல்லின் துளைகளில் தங்கிப் பாசிக்கும் பூஞ்சைக்கும் உணவாகும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சென்றால் பள்ளமான எழுத்துகளில் நிழல் விழுந்து தாமாகவே தெரியும். வெயில் படாத பக்கமாயின் ஒரு கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

படிப்பதற்குச் சில சொற்களே போதும். மேலே 'எர் கோவ் அம்' என்றிருந்தால் 'நினைவாக' என்று பொருள். 'ப்ரியோட்' வாழ்க்கைத்துணை. 'ஹெவிட்' என்றால் 'மேலும்'. அதன் கீழே அடுத்தவர் பெயர் வரும். 'இர் இச்சோட்' என்பது 'மேற்கண்ட'; கணவருக்கு முன்னரே மனைவி இறந்திருந்தால், கடைசியில் கணவரைக் குறிக்க இச்சொல் வரும். 'பி வாரு' என்றால் 'இறந்தார்'. வயதை எழுத்தால் பொறித்திருந்தால் இருபது இருபதாக எண்ணும் பழைய முறை இருக்கும்: 'பெட்வார் இகைன்' என்பது நான்கு இருபது, அதாவது 80. மாதப் பெயரிலும் விழிப்பாக இருங்கள்: 'மெடி' என்பது மே அன்று, செப்டம்பர்.

நம் மொழியில் புணர்ச்சியில் எழுத்துத் திரிவது போல, அங்கே சொல்லின் முதலெழுத்தே திரியும். மரியாளைக் குறிக்கும் 'மைர்', ஆலயத்தையும் அதன் வளாகத்தையும் குறிக்கும் 'லான்' என்பதோடு சேர்ந்து 'லான்வைர்' ஆகிவிடும். அகராதியில் ஒரு சொல் கிடைக்கவில்லையென்றால் முதலெழுத்தை மாற்றித் தேடுங்கள். கல்லில் ஆளின் பெயருக்கு அடுத்த வரியைத் தேய்ந்துபோனது என்று விட்டுவிட்டீர்கள். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அது வீட்டுப் பெயர். அந்த ஒரு வரிக்காக இன்னொரு முறை சென்று வருவது தகும்.

கேள்வி: பங்கு ஏடுகளைக் கொண்டு எவ்வளவு காலம் பின்னோக்கிச் செல்லலாம்? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்கும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் ஆணை பிறந்தது. ஆனால் வேல்ஸ் சிற்றூர்களில் 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முற்பட்ட ஏடுகள் எஞ்சியிருப்பது அரிது. ஏடு அழிந்த ஆண்டுகளுக்கு, மறைமாவட்ட ஆயருக்கு (பிஷப்) ஆண்டுதோறும் அனுப்பிய படிகளைத் தேசிய நூலகத்தில் பாருங்கள். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்ததால் தந்தையின் தொழிலும் வீடும் ஞானஸ்நானப் பதிவில் வரும். அடக்கப் பதிவில் வயது வரும். அதற்கு முன் பல இடங்களில் 'ஜான், டேவிட்டின் மகன்' என்பதோடு சரி. 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்: ஏட்டில் 1720 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721.

கேள்வி: எங்கள் முன்னோர் நிலமற்ற கூலிகள், சிறு குத்தகையாளர்கள். உயிலும் நில ஆவணமும் பெரிய வீட்டாருக்குத்தானே இருக்கும்? (மெல்போர்ன் வாசகர்)

பதில்: அப்படி நினைத்துப் பலரும் அந்த ஏடுகளைத் திறக்காமலே விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. வேல்ஸ் திருச்சபை நீதிமன்றங்களில் 1858க்கு முன் மெய்ப்பிக்கப்பட்ட உயில்கள் ஏறத்தாழ 1,90,000 தேசிய நூலகத்தில் இருக்கின்றன; படங்களைக் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். பசு சிலவும் ஒரு குதிரையும் வைத்திருந்த சிறு குத்தகையாளர்களும், தச்சர்களும், கைம்பெண்களும் அவற்றில் இருக்கிறார்கள். உயிலோடு இணைந்த உடைமைப் பட்டியலில் கறவை மாடு, ஆடு, படுக்கை, உடுப்பு, சமையல் கலம் என்று ஒவ்வொன்றுக்கும் அண்டைவீட்டார் மதிப்புப் போட்டிருப்பார்கள். குடும்பப் பெயர் மாறும் தலைமுறையில் 'என் மகன் இன்னார்' என்று தந்தையே எழுதிய சொல்லைவிட நல்ல சான்று வேறில்லை. பெண்கள் மணமான பின்னும் பிறந்த வீட்டுப் பெயரோடு உயிலில் வருவது வேல்ஸில் உண்டு. இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

இதற்கு இணையானது தசமபாக வரைபடம். விளைச்சலில் பத்தில் ஒன்றைத் திருச்சபைக்குச் செலுத்தும் வழக்கத்தைப் பணமாக மாற்ற 1836இல் சட்டம் வந்தபோது, பங்கு பங்காக வயல்களை அளந்து வரைந்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் எண் உண்டு; உடன் வரும் பட்டியலில் உரிமையாளர், பயிரிடுபவர், பரப்பளவு, பல இடங்களில் வயலின் பெயரும் உண்டு. 'கய் மௌர்' பெரிய வயல். 'கய் தான் டீ' வீட்டுக்குக் கீழுள்ள வயல். நிலம் யாருடையதாயினும் உழுதவர் பெயர் தனிக் கட்டத்தில் இருக்கிறது. கார்டிஃப் வாசகிக்கும் இது பொருந்தும்: பூட்டனார் பிறந்த அதே காலத்தில் பென்லானில் யார் குடியிருந்தார் என்பதை இந்தப் பட்டியல் சொல்லும், 1841 கணக்கெடுப்போடு அதை ஒப்பிட்டால் தந்தையின் பெயர் உறுதிப்படும்.

முற்றிலும் நிலமற்றவர்களுக்கு ஏழை நிவாரணக் கணக்குகள் இருக்கின்றன. 1662 சட்டத்தின்படி ஏழை ஒருவரைக் காப்பது அவருக்கு உரிய பங்கின் கடமையாக இருந்ததால், இன்னார் எந்தப் பங்குக்கு உரியவர் என்ற விசாரணை நடக்கும். உரியவர் அல்லர் என்றால் குடும்பத்தோடு வெளியேற்றும் ஆணை பிறக்கும். படிக்கும்போது மனம் வலிக்கும் ஏடுகள் அவை. அவர்களுடைய பிறந்த இடமும் பிள்ளைகளின் வயதும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றன.

பிற்காலத்தில் ஒரு குடும்பம் ஏட்டிலிருந்து மறைந்தால் கிழக்கே பாருங்கள். கார்டிகன்ஷயரின் ஈயச் சுரங்கங்கள் நலிந்தபோது பலர் தெற்கு வேல்ஸில் உள்ள ரோண்டாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். பலர் லண்டனில் பால் வியாபாரம் செய்தார்கள். 1818 முதல் அமெரிக்காவின் ஒஹாயோவுக்குப் போன குடும்பங்களும் உண்டு. 1919 வரையிலான வேல்ஸ் செய்தித்தாள்களைத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அவற்றிலும் ஆளின் பெயரைவிட வீட்டுப் பெயரை இட்டுத் தேடுவதே பலன் தரும்.

கேள்வி: வேல்ஸிலிருந்து சென்னைக்கு வந்து இங்கேயே இறந்த முன்னோரின் பதிவை எங்கே தேடுவது? (சென்னை வாசகர்)

பதில்: மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன, இந்தியா அலுவலக ஆவணங்களின் பகுதியாக அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. திருமணப் பதிவில் தந்தையின் பெயர் கிடைத்தால் அதைக்கொண்டு வேல்ஸ் பங்கு ஏட்டுக்குச் செல்லலாம். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவே, பின்னாளில் ஆளுநரான எலிஹு யேல் 1680இல் செய்துகொண்ட திருமணம்தான். அவர் பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டனில். அடங்கியிருப்பது வடகிழக்கு வேல்ஸில், ரெக்ஸம் நகரின் ஆலய வளாகத்தில். அவருடைய குடும்பப் பெயர், ரெக்ஸமுக்கு மேற்கே உள்ள 'யால்' என்ற நிலப்பகுதியின் பெயர். உங்கள் முன்னோரின் பதிவிலும் ஊரோ வீடோ ஒரு சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.